பிழையும் பிடிவாதமும்

செல்லூர்க் கண்மாய்க் கரையிலிருந்து வைகைப் பாலம் வரை எந்தத் தேநீர்க் கடையில் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து, ‘தெர்மாகோல்’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். தறியில் உட்கார்ந்து களைத்து வந்தவரும் சிரிப்பார். கட்சி பேதம் பார்க்காமல் எல்லோரும் சிரிப்பார்கள். வருஷங்கள் பல கடந்தும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. நாமும் சிரித்தவர்களே. சிரித்ததோடு நில்லாமல் இதே பக்கத்தில் எழுதியும் வைத்தோம். இன்று அதைப் பற்றி மறுபடியும் எழுதப் புகுந்தது இன்னொரு முறை சிரிப்பதற்காக அன்று. அந்தச் சிரிப்புக்குள் நம்முடைய பிழை ஒன்றும் ஒளிந்திருந்தது. அதை ஒப்புக்கொள்ள நமக்கு நெடுநாள் பிடித்தது. ஏன் பிடித்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது யாவரும் அறிந்ததே. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்த பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. 71 அடி வரை நீர் தேக்கக்கூடிய வைகை அணை வற்றிக் கிடந்தது. மதுரைக்குக் குடிதண்ணீர் கிடைக்குமா என்பதே கேள்வியாயிற்று. மிஞ்சிய நீரும் வெயிலில் ஆவியாகிப் போகாமல் காக்க வேண்டும் என்று, அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் ஸ்ரீ செல்லூர் கே. ராஜு, ஏப்ரல் 21-ந் தேதி, தெர்மாகோல் தகடுகளை ஒட்டுநாடாவால் இணைத்து அணைநீரின் மேல் மிதக்க விட்டார். காற்று அடித்தது. தகடுகள் கரையில் வந்து ஒதுங்கின. படம் நாடெங்கும் பரவியது. இது அதிகாரிகளின் யோசனை என்றும், வெளிநாடுகளில் உள்ள முறை என்றும் அமைச்சர் விளக்கம் சொன்னார். விளக்கம் சொல்லச் சொல்லச் சிரிப்பு அதிகமாயிற்று.

அப்போது நாம் எழுதியது என்ன? அந்தக் காரியம் ஆலோசனையின்றிச் செய்யப்பட்டது என்று எழுதினோம். அது சரியே, இன்றும் அதை வாபஸ் பெறவில்லை. ஆனால் அத்துடன் நிறுத்தவில்லை. நீர்ப்பரப்பை மூடி ஆவியாதலைத் தடுக்கலாம் என்ற எண்ணமே உலகத்தில் எவரும் கேட்டறியாத பைத்தியக்காரத்தனம் என்றும் ஒரு வாக்கியம் சேர்த்தோம். எழுதியபோது மிகவும் ரஸமாக இருந்த வாக்கியம் அது. நண்பர்கள் பாராட்டினார்கள். பொதுக்கூட்டங்களில் அதை எடுத்துச் சொன்னவர்களும் உண்டு.

ஒரு வாரம் சென்று, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செல்லூர் வாசகர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. கோபம் சிறிதும் இல்லாத கடிதம். ‘தகடு பறந்தது முறையின் குற்றம்; நீரைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தின் குற்றம் அன்று. தாங்கள் இரண்டையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டீர்கள்’ என்று எழுதியிருந்தார். கடிதத்தைப் படித்தோம். மடித்து மேஜையின் இழுப்பறையில் வைத்தோம். பிரசுரிக்கவில்லை.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நீர்மேல் சீட்டைல் ஆல்கஹால் என்ற பொருளை மெல்லிய படலமாகப் பரப்பி ஆவியாதலைக் குறைக்கும் சோதனைகள் ஆஸ்திரேலியாவில் 1950-களிலேயே நடந்தன. குஜராத்தில் மேஹ்ஸாணா ஜில்லாவில், நர்மதைக் கால்வாய் ஒன்றின் மேல் 2012-ல் சூரிய மின்தகடுகளைப் பந்தல்போல் அமைத்தார்கள். மின்சாரமும் கிடைத்தது, கால்வாய்க்கு நிழலும் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தார் 2015 ஆகஸ்டில் தங்கள் நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடிக் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்கள். வெயில் பட்டு நீரில் தீய ரசாயனம் உண்டாவதைத் தடுப்பது அங்கே முக்கிய நோக்கம். ஆவியாதலைக் குறைப்பதும் உடன் கிடைத்த பலன். அந்தப் பந்துகளைச் செய்யச் செலவாகும் நீர், அவற்றால் மிச்சமாகும் நீரைவிட அதிகமாகலாம் என்று 2018-ல் ஓர் ஆராய்ச்சி சொன்னது. ஆகவே, விஷயம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டிய விஷயமே தவிர, பைத்தியக்காரத்தனம் அன்று. லேசான தகட்டைக் காற்றடிக்கும் அணையில் கட்டின்றி விட்டது ஒரு பிழை. எவரும் கேட்டறியாதது என்று நாம் எழுதியது மற்றொரு பிழை. முதல் பிழையைக் காற்று அன்றே காட்டிக் கொடுத்தது. இரண்டாவது பிழை நம் இழுப்பறையில் பத்திரமாக இருந்தது.

கடிதத்தை ஏன் பிரசுரிக்கவில்லை என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால் காரணம் சொல்லியிருப்போம். இடமில்லை என்றிருப்போம். விஷயம் பழசாகிவிட்டது என்றிருப்போம். எதிர்க்கட்சியார் நம் வாயை மெல்லக் காத்திருக்கிறார்கள், அவர்களுக்கு அவல் போடலாமா என்றும் கேட்டிருப்போம். இவற்றில் ஒன்றும் உண்மைக் காரணம் அன்று. இதே கடிதம் நாம் எழுதுவதற்கு முதல்நாள் வந்திருந்தால் நன்றியுடன் ஏற்றிருப்போம். அந்த வாக்கியத்தை எழுதியே இருக்க மாட்டோம். மறுவாரம் வந்ததால் அது விரோதியின் கடிதம் போலத் தோன்றியது. இடையில் மாறியது என்ன? நீர் மாறவில்லை, வெயில் மாறவில்லை. நாம் நாலு பேர் முன்னிலையில் பேசிவிட்டோம், அவ்வளவுதான்.

இந்த மாறுதல் நமக்குப் புதிதன்று. பத்திரிகைத் தொழிலுக்கு வருமுன் சில வருஷங்கள் நீதிஸ்தலத்தில் கழித்தவர்கள் நாம். கட்சிக்காரர் கேஸ் கட்டைக் கொண்டுவந்து வைத்த அன்று, அதைப் பிரித்துப் பார்த்தால் இரு தரப்பிலும் நியாயம் தெரியும். நம் கட்சியின் பலவீனம் எது என்று விரல் வைத்துச் சொல்ல முடியும். கோர்ட்டில் எழுந்து இரண்டு மணி நேரம் வாதாடி முடித்து வெளியே வரும்போதோ, எதிர்க்கட்சிக்காரர் பெரிய அயோக்கியராகத் தோன்றுவார். இடையில் புதிய சாட்சியம் எதுவும் வந்ததில்லை. நம்முடைய குரல்தான் நம் காதில் விழுந்தது. பிறரை நம்பவைக்கப் பேசுகிறவன் முதலில் நம்பவைப்பது தன்னைத்தான்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. மார்ட்டன் டாயிட்ஷ், ஹெரால்ட் ஜெரார்ட் என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1955-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் சில கோடுகளைக் காட்டி, எது எதற்குச் சமநீளம் என்று கேட்டார்கள். சிலர் தங்கள் முடிவை மனத்திலேயே வைத்துக்கொண்டார்கள். சிலர், தாளைத் தூக்கியவுடன் எழுத்து அழிந்துபோகும் சிறுவர் பலகையில் எழுதினார்கள். சிலர் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். பிறகு மற்றவர்களின் தவறான விடை அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. மனத்தில் மட்டும் வைத்திருந்தவர்களே அதிகமாக மாறினார்கள். பலகையில் எழுதி அழித்தவர்கள் அவ்வளவு மாறவில்லை. கையெழுத்திட்டவர்கள் மிகவும் உறுதியாக நின்றார்கள். அங்கே அவர்கள் முதலில் எழுதியது சரியான விடை. ஆகவே கையெழுத்து உண்மைக்குக் காவலாக நின்றது. ஆனால் கயிற்றுக்கு எது கட்டுப்பட்டிருக்கிறது என்று தெரியாது. அது உண்மையைக் கட்டும் இறுக்கத்தோடு பிழையையும் கட்டும்.

நம் ஆலவாயின் புராணமே இதை அமெரிக்கர்களுக்கு முன் சொல்லிவிட்டது. நக்கீரர் கதை தெரியாதவர் யார்? 1965-ல் ‘திருவிளையாடல்’ சினிமா வந்த பிறகு, தெய்வமே எதிரே நின்றாலும் அஞ்சாத புலவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். அஞ்சாமை மெய்தான். ஆனால் கதையின் நடுப்பகுதியைச் சற்றுக் கவனியுங்கள். மங்கையர் கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை என்பது அவர் முதலில் சொன்ன சொல். உத்தம ஜாதிப் பெண்களுக்கும் இல்லையா என்று கேள்வி வந்தது, இல்லை என்றார். தேவ மாதர்க்கும் இல்லையா என்றபோதும் இல்லை என்றார். தாம் நித்தம் வழிபடும் காளத்தி அம்மைக்கும் இல்லையா என்று கேட்டபோது, அங்கும் இல்லை என்றே சொல்லிவிட்டார். முதல் சொல் ஒரு புலவரின் அபிப்பிராயம். கடைசிச் சொல்லோ, அந்த முதல் சொல்லைக் காப்பாற்றுவதற்காக மட்டும் பிறந்தது. சபையில் தனியாக எவரும் கேட்டிருந்தால் அதை அவர் சொல்லியிருப்பாரா? பிழை ஒரே அடியில் மலையாவதில்லை. ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு படி ஏறுகிறது. கதையின் முடிவையும் நாம் மறந்துவிடுகிறோம். வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்த நக்கீரரை இறைவனே கரையேற்றுகிறான். அவர் மீண்டும் சங்கத்துக்கு வருகிறார்.

புராணத்தில் நடந்தது, அதே பொற்றாமரைக் கரையில் நம் பாட்டன்மார் காலத்தில் சரித்திரமாகவும் நடந்தது. 1939 ஜூலை 8-ந் தேதி, ஸ்ரீ அ. வைத்தியநாதய்யர், தாழ்த்தப்பட்ட சமூகத்தாரையும் நாடார் சமூகத்தவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். அவ்வாறு சென்றவர்களில், பின்னாளில் இந்த ராஜ்யத்தின் மந்திரியாக விளங்கிய ஸ்ரீ பி. கக்கனும் ஒருவர். நிர்வாக அதிகாரி ஸ்ரீ ஆர். எஸ். நாயுடு துணை நின்றார். பிரதம மந்திரி ஸ்ரீ ராஜாஜியின் ஆட்சி, பிரவேசத்தை அனுமதித்தும், அதில் ஈடுபட்டோரை வழக்குகளிலிருந்து பாதுகாத்தும் அவ்வருஷமே சட்டம் செய்தது.

ஸ்ரீ நடேசய்யரைத் தலைவராகக் கொண்ட ஸனாதனக் கட்சியாரும், பட்டர்களில் பெரும்பாலோரும் இதை ஏற்கவில்லை. கோயில் தீட்டுப்பட்டது என்றார்கள். பூஜைக்கு வர மறுத்தார்கள். ஆனால் கோபுரம் சாயவில்லை. பூஜையும் நிற்கவில்லை. கண்முன் நடப்பதைக் கண்டு, ‘நாம் அஞ்சியது நடக்கவில்லை, நாம் எண்ணியது தவறு’ என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அம்மன் கோயிலை விட்டே வெளியேறிவிட்டாள் என்று சொன்னார்கள். தமிழ்ச் சங்கம் சாலையில் நடேசய்யர் வீட்டில் மீனாட்சிக்குத் தனியே கோயில் ஒன்று ஏற்பட்டது. பட்டர்கள் அங்கே பூஜை செய்தார்கள். பாண்டி நாட்டின் அரசியாகிய அன்னை, ஒரு சொல்லைக் காப்பாற்றுவதற்காக வீடு மாற வேண்டியிருந்தது! தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது பழமொழி. நாலாவது காலைப் பார்த்த பிறகும், அது முயலே அன்று என்று சொல்லும் நிலை இது.

இவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றோ, மூடர்கள் என்றோ நாம் சொல்லவில்லை. சாஸ்திரம் கற்றவர்கள் அவர்கள். கற்றவருக்குக் காரணம் கண்டுபிடிக்கும் திறமை அதிகம். ஆகவே பிழையிலிருந்து வெளியேறும் வழியையும் அவர் எளிதில் அடைத்துவிடுகிறார். அவர்களுடைய பிடிவாதத்தின் பாரத்தைச் சுமந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்பதையும் மறக்கலாகாது. ஒருவர் தம் பிழையைத் திருத்திக்கொள்ளத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கூலி கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர்.

1945-ல் பட்டர்கள் கோயிற்பணிக்குத் திரும்பினார்கள். ஆறு வருஷம் பிடித்தது. மறு வருஷம், 1946 பிப்ரவரியில், எல்லோருக்கும் திறவாத கோயிலில் கால் வைப்பதில்லை என்று இருந்த மகாத்மா காந்தி மீனாட்சி சந்நிதிக்கு வந்து வழிபட்டார். 1947-ல் மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. இந்த வரலாற்றில் தொண்டர்கள் கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு. வைத்தியநாதய்யர், எதிராளிகள் மனம் மாறட்டும் என்று கதவைத் திறக்காமல் காத்திருக்கவில்லை. நியாயம் எவருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இது முதல் பாடம். திறந்த கதவு, எதிர்த்து வெளியேறியவர்களுக்கும் திறந்தே இருந்தது. ‘முதலில் நாற்சந்தியில் நின்று மன்னிப்புக் கேள்’ என்று நிர்ப்பந்தித்திருந்தால், தமிழ்ச் சங்கம் சாலைக் கோயில் இன்னும் ஒரு தலைமுறைக்கு நீடித்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். இது இரண்டாவது பாடம். காரியத்தில் தளர்வு கூடாது; மனிதரிடம் பழி கூடாது.

நீதிஸ்தலமும் இதை அறியும். 1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 47-வது ஆர்டரில், தீர்ப்புச் சொன்ன கோர்ட்டே தன் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வழி வைத்திருக்கிறார்கள். பிழைபடுவது சகஜம் என்று சட்டமே எதிர்பார்த்து, நீதிபதி வெட்கமின்றித் திரும்பிவர ஒரு வாசல் வைத்தது. ஆயினும் மனிதர் மனம் அந்த வாசலில் எளிதாக நுழைவதில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரலில், சிறையிலிடப்பட்டவர் ஆட்கொணர்வு மனு மூலம் நீதி கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அந்த நால்வரில் ஒருவராகிய நீதிபதி பி. என். பகவதி, தாம் செய்தது தவறு என்று 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார். முப்பத்தைந்து வருஷம்! அப்போது அவர் தொண்ணூறு வயதை நெருங்கியவர். அவரைப் பலர் பாராட்டவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றே ஏசினார்கள். ஏச்சில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஏச்சைக் கேட்ட மற்றொருவர், வாய் திறக்காமலே போய்ச் சேருவது புத்திசாலித்தனம் என்று முடிவு செய்திருப்பார் என்பதும் உண்மை.

பிழையை விடுவது நம்மவருக்கு இவ்வளவு கஷ்டமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொன்ன சொல் தவறாமை நம் நாட்டில் பெரிய தர்மம். ஆனால் சொல் என்பதில் இரண்டு வகை உண்டு. ‘நாளை உன் கடனைத் தருவேன்’ என்பது வாக்கு; அதைக் காப்பது என் கையில் இருக்கிறது; தவறினால் நான் பொய்யன். ‘அணையில் இன்னது செய்தால் நீர் மிஞ்சாது’ என்பது அபிப்பிராயம். அதை மெய்யாக்குவது என் கையில் இல்லை. காற்றும் வெயிலும் தீர்மானிக்கும். வாக்கைக் காப்பவன் சத்தியவான். உண்மை வேறு என்று கண்டபின்னும் அபிப்பிராயத்தைக் காப்பவனைச் சத்தியவான் என்பது எப்படி? அவன் காப்பது சத்தியத்தை அன்று, தன் மீசையை. விழுந்தாலும் மண் ஒட்டவில்லை என்று காட்ட வேண்டுமே என்பதுதான் அவன் கவலை. ரௌலட் சட்ட எதிர்ப்பின்போது, ஜனங்களைத் தயார் செய்யாமல் சட்ட மறுப்பில் இறக்கியது இமயமலையளவு தவறு என்று காந்திஜி 1919-ல் பகிரங்கமாகச் சொன்னார். அன்று ஏளனம் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஒப்புதலால் அவர் வாக்குக்கு இருந்த மதிப்பு குறைந்ததாகச் சரித்திரம் சொல்லவில்லை.

ஆனால் எல்லோரும் காந்திஜி அல்லர். மதுரை மூதூரின் பழங்கதையில், சிலம்பு உடைந்து உண்மை தெரிந்த கணமே தன் தீர்ப்புத் தவறு என்று ஒப்புக்கொண்ட பாண்டியன், அங்கேயே உயிர் விட்டான். அவனைப் போற்றுகிறோம், போற்றத் தக்கவன்தான். ஆயினும் பிழையை ஒப்புக்கொள்வதற்கு உயிரை விலையாகக் கேட்கும் ஊரில், ஒப்புக்கொள்பவர் எத்தனை பேர் கிடைப்பார்கள்? மேடையில் ஒருவர் ‘நான் தவறாகச் சொன்னேன்’ என்றால், அவர் கட்சியார் துரோகி என்கிறார்கள். எதிர்க்கட்சியார் அகப்பட்டான் என்கிறார்கள். பிறகு, எவரும் பிழையை ஒப்புக்கொள்வதில்லையே என்று இரு கட்சியாரும் சேர்ந்து வருத்தப்படுகிறார்கள். பிடிவாதக்காரர் கையில் பாதிக் கயிறு இருக்கிறது. மற்றப் பாதி கூடி நின்று வேடிக்கை பார்க்கும் நம் கையில் இருக்கிறது.

ஆதலால் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இதுதான். எதிராளியின் பிழையைத் தயவு தாட்சண்யம் இன்றி எடுத்துக் காட்டுங்கள். அவர் அதைக் கைவிடும் அன்று, பழைய பேச்சை அவர் முகத்தில் எறியாதீர்கள். உங்கள் தலைவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டால், ஏன் மாற்றினார் என்று காரணம் கேளுங்கள். காரணம் சரியானால் அதைப் பலவீனம் என்று எண்ணாதீர்கள். மேடையேறுமுன், ‘எதைக் கண்டால் இந்தக் கருத்தை விடுவேன்’ என்று உங்களையே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பேசிய பின் கேட்டால் பதில் வராது.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. செல்லூர் வாசகரின் கடிதத்தை, ஓர் எழுத்தும் குறைக்காமல், இன்று இதே பக்கத்தில் பிரசுரித்திருக்கிறோம். அவர் சொன்னது சரி. நாம் எழுதியது தவறு. இத்தனை காலம் அதை இழுப்பறையில் வைத்திருந்தது அதைவிடப் பெரிய தவறு. காகிதம் மஞ்சளித்துவிட்டது, எழுத்து மட்டும் மங்கவில்லை. இனி நம் பிழையைக் காட்டும் கடிதம் எது வந்தாலும், பிழை வெளியான அதே பக்கத்தில் அது வெளிவரும். இது அபிப்பிராயம் அன்று, வாக்கு. தவறினால் வாசகர்கள் நம்மைக் கேட்கலாம்.